கிள்ளான் 1941 வேலைநிறுத்தம்: பழைய ஆங்கிலப் பத்திரிகைகளை வைத்து வரலாறு எழுதலாமா?

பால்மரக்காடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி ஆண்டு மலருக்கு, மலாயாவின் சிலாங்கூர் மாநிலத்தில் நடந்த 1941 கிள்ளான் ரப்பர் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பற்றி ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். நாலு பக்கம் போதும் என்றார்கள். நான் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தளத்தில் போய் உட்கார்ந்தவன், இன்னும் எழுந்திருக்கவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் போர் நடக்கிறது, ரப்பருக்கு ஏகப்பட்ட கிராக்கி. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தமிழர்களின் நாள் கூலி மட்டும் 50 காசை ஒட்டியே நிற்கிறது. அதே வேலைக்குச் சீனத் தொழிலாளிக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. தமிழ் நேசன் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியாகத் தொழிலாளர்களைத் திரட்டுகிறார். கூலி உயர்வு மட்டும் அவர்கள் கேட்கவில்லை. தோட்ட நிர்வாகியான வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும், தோட்டத்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும், பெண்களிடம் வாலாட்டுவதை நிறுத்த வேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும், உறவுக்காரர்கள் தோட்டத்துக்குள் வந்து போகத் தடை இருக்கக் கூடாது. மே மாதம் நாதனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள், பிறகு நாடுகடத்தினார்கள். வேலைநிறுத்தம் பக்கத்துத் தோட்டங்களுக்கும் பரவியது. மே 16 அன்று சிலாங்கூரில் அவசரநிலை. அடக்குவதற்கு இந்தியச் சிப்பாய்களையே இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் ஐந்து பேர் செத்தார்கள்.

இப்போது என் சிக்கல். சிங்கப்பூரின் ஆங்கில நாளிதழான ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸில் அந்த மே மாதத்தைத் தேடினால் செய்திக்குப் பஞ்சமில்லை. ஆனால் நான் பார்த்த வரையில் அரசாங்கத்தின் அறிக்கை இருக்கிறது, தோட்ட முதலாளிகளின் கவலை இருக்கிறது, வெளியிலிருந்து வந்து தூண்டிவிட்டவர்கள் என்ற குற்றச்சாட்டு இருக்கிறது. பால் வெட்டிய ஆள் ஒருவர்கூடப் பெயரோடு வாய் திறக்கவில்லை. இதை நம்பி எழுதுவதா, ஓரமாக வைத்துவிடுவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

ஏடுபுரட்டி எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. ஆனால் நீங்கள் தவறான பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வேலைநிறுத்தச் செய்தியைப் படித்தால் அரசாங்கம் என்ன சொல்ல விரும்பியது என்று தெரியும். அதுவும் வரலாறுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. போர்க்காலத் தணிக்கை வேறு இருந்த நேரம். தோட்டத்தில் உண்மையில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால் அதே இதழில் யாரும் படிக்காத பக்கத்துக்குப் போங்கள். ரப்பர் கம்பெனிகளின் ஆண்டுக் கூட்டச் செய்திகளும், மாதந்தோறும் எந்தக் கம்பெனி எத்தனை ராத்தல் (பவுண்டு எடை) ரப்பர் எடுத்தது என்ற பட்டியலும், பங்கு விலையும் அங்கேதான் இருக்கும். பொடி எழுத்து, வரிசை வரிசையாக எண்கள். கண் வலிக்கும்.

ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் பேசிய பேச்சை அந்தக் காலத்தில் நீளமாகவே போடுவார்கள். வழக்கமாக ஒரே சட்டம்தான். எத்தனை ஏக்கர் நட்டிருக்கிறோம், அதில் எத்தனை ஏக்கர் பால் தருகிறது, ஒரு ராத்தலுக்கு மொத்தச் செலவு என்ன, என்ன விலைக்கு விற்றோம், பங்குக்கு எத்தனை விழுக்காடு. கடைசியில் ஆள் பற்றாக்குறை உண்டா, மலேரியா எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி. 1939, 1940, 1941 மூன்று ஆண்டுகளுக்கும் ஒரே கம்பெனியின் பேச்சை எடுத்து அடுத்தடுத்து வையுங்கள். விலை எங்கே போனது, செலவு எங்கே நின்றது, ஈவுத்தொகை எங்கே போனது என்று அவர்கள் வாயாலேயே வரும். அதே ஆண்டுகளில் கூலி கட்டுப்படியாகாது என்று முதலாளிகள் சொன்னதைப் பக்கத்தில் வையுங்கள். உங்கள் நாலு பக்கத்தில் ஒரு பக்கம் முடிந்தது.

இதை ஏன் நம்பலாம் என்றால், பங்குதாரரிடம் பொய்க் கணக்குச் சொன்னால் வழக்கு வரும். தொழிலாளியைப் பற்றிப் பொய் சொன்னால் அப்போது எந்த வழக்கும் வராது.

நீதிமன்றச் செய்தியும் அப்படித்தான். மரண விசாரணை, அடிதடி, கூலிப் பாக்கி. நாலே வரிதான் இருக்கும், ஆனால் அந்த நாலு வரியில் ஆளுடைய பெயர், தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர் மூன்றும் வந்துவிடும். பெயரோடு ஒரு தொழிலாளியும் இல்லை என்கிறீர்களே, அங்கே தேடிப் பாருங்கள்.

---

துறைமுகம் எழுதியது:

> பங்குதாரரிடம் பொய்க் கணக்குச் சொன்னால் வழக்கு வரும்.

ஐயா, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பங்குதாரரிடம் சொல்லாமல் விட்டதற்கு யார் வழக்குப் போட்டார்கள்? தோட்டத்து ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் ராவோடு ராவாக ஓடிப் போனார்கள் என்று லண்டன் கூட்டத்தில் யாரும் கேட்கப் போவதில்லை. துரைமார் பத்திரிகையில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் துரைதான் தெரிவார்.

இன்னொன்று. ஆங்கிலப் பத்திரிகை என்றால் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் மட்டும்தானா? 1914-இல் தொடங்கிய மலாயா டிரிபியூன் இருக்கிறதே. ஆசியர்கள் போட்ட முதல், வாசகர்களும் ஆங்கிலம் படித்த ஆசியர்கள். வெகுகாலம் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸின் பாதி விலைக்கு, ஐந்து காசுக்கு விற்றது. அதுவும் அதே தளத்தில் கிடைக்கிறது. ஒரே நாள் செய்தியை இரண்டிலும் எடுத்து வைத்துப் பாருங்கள். எது முதல் பக்கம், எது ஏழாம் பக்கம், எது வரவே இல்லை. அந்த வித்தியாசம்தான் எனக்குச் சான்று.

---

பால்மரக்காடு எழுதியது:

இருவருக்கும் நன்றி. நீதிமன்றச் செய்தியில் தேடச் சொன்னீர்கள், தேடினேன். முனியாண்டி என்ற பெயரைப் போட்டால் மலாயாவில் இருந்த முனியாண்டிகள் எல்லாரும் வருகிறார்கள், ஆனால் நான் ஏற்கெனவே வேறொரு புத்தகத்தில் தேதியோடு குறித்து வைத்திருந்த ஒரு செய்தி வரவில்லை. அந்தத் தேதியின் பக்கத்தை நேராகத் திறந்தால் செய்தி அங்கேயே இருக்கிறது! தேடல் பெட்டிக்கு என்ன ஆயிற்று?

---

மைக்ரோஃபிலிம் எழுதியது:

இது என் ஏரியா. நூலகத்தில் இந்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

நீங்கள் திரையில் பார்ப்பது பக்கத்தின் படம். நீங்கள் தேடுவது அந்தப் படத்தில் அல்ல, படத்தைப் பார்த்து இயந்திரம் தானாகப் படித்து எழுதிக்கொண்ட எழுத்துகளில். பல பக்கங்கள் பழைய மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்தவை. மை பரவிய தாளை அன்றைக்கு ஒருவர் படம் பிடித்தார், அந்தப் படச்சுருளில் கீறல் விழுந்தது, அதை இன்னொரு இயந்திரம் ஸ்கேன் செய்தது. மூன்று கை மாறி வந்த பக்கத்தில் ஆங்கில 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நின்றால் இயந்திரம் 'எம்' என்று படிக்கும். 'சி'யும் 'இ'யும் மாறும். வரி முடிவில் இணைகோடு போட்டு உடைத்த சொல் இரண்டு துண்டாகவே கிடக்கும். எண்கள் இன்னும் மோசம். மூன்று எட்டாகும், ஐந்து ஆறாகும். அதனால் ஏடுபுரட்டி ஐயா சொன்ன ராத்தல் பட்டியலைத் தேடல் பெட்டியில் பிடிக்க நினைக்காதீர்கள். படத்தைப் பெரிதாக்கிக் கண்ணால்தான் படிக்க வேண்டும்.

இது இயந்திரத்தின் குற்றம். அடுத்தது அன்றைய நிருபரின் குற்றம். முனியாண்டியை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் 'யு' போடுவார், ஒருவர் இரட்டை 'ஓ' போடுவார், கடைசியில் ஒருவருக்கு 'ஐ', இன்னொருவருக்கு 'ஒய்'. ராமசாமிக்கு 'வி' வருமா 'டபிள்யூ' வருமா என்பது அன்றைக்கு அச்சுக்கோத்தவரின் மனநிலையைப் பொறுத்தது. நாகப்பட்டினத்தை அவர்கள் எழுதிய விதத்தை இன்றைக்கு யாரும் எழுதுவதில்லை.

நான் செய்வது இதுதான். பெயரை விட்டுவிடுவேன். தோட்டத்தின் பெயரையோ கம்பெனியின் பெயரையோ போட்டு, தேதி வரம்பை இரண்டு மாதத்துக்குச் சுருக்கிவிடுவேன். வருவதையெல்லாம் வரிசையாகத் திறந்து பார்ப்பேன். செய்தி, விளம்பரம், வாசகர் கடிதம் என்று வகை பிரித்துக் காட்டும் வசதி அந்தத் தளத்தில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். கடிதங்களை விடாதீர்கள். தோட்டத் துரையும் புனைபெயரில் எழுதுவார், அவருக்குப் பதில் சொல்லும் கிராணியும் (தோட்ட எழுத்தர்) புனைபெயரில் எழுதுவார்.

அப்புறம், தேடியதில் வரவில்லை என்பதால் 'பத்திரிகைகள் இதைப் பற்றி எழுதவில்லை' என்று கட்டுரையில் எழுதிவிடாதீர்கள். இந்த ஒரு வாக்கியத்தைச் சமீபகால ஆய்வேடுகளில் அடிக்கடி பார்க்கிறேன். அப்படி எழுத வேண்டுமானால் அந்த மாதத்து இதழ்களை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டியிருக்க வேண்டும். இதழ் முழுதும் இருக்கிறதா, நடுவில் நாள் விட்டுப் போயிருக்கிறதா என்பதையும் பார்த்திருக்க வேண்டும்.

---

லயத்துக்காரி எழுதியது:

நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, தோட்டப் பள்ளியிலேயே படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஏடுபுரட்டி அண்ணன் சொன்ன மாதாந்திரப் பட்டியல் பற்றி ஒரு எச்சரிக்கை.

வேலைநிறுத்தம் நடந்தது மார்ச்சு, ஏப்ரல், மே என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் மார்ச்சில் ராத்தல் குறைந்திருப்பதைப் பார்த்து 'ஆகா, வேலைநிறுத்தத்தின் தாக்கம்' என்று எழுதத் தோன்றும். அவசரப்படாதீர்கள். பால்மரம் பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை இலை கொட்டும். இலை கொட்டிப் புதுத்தளிர் விடுகிற வரைக்கும் மரத்தில் பால் குறையும். வெட்டுகிற ஆளுக்குத் தெரியும், பால் பிடிக்கும் மங்கில் பாதிகூட நிறையாது. வேலைநிறுத்தம் இல்லாத ஆண்டிலும் அந்த மாதங்களில் எண் சறுக்கத்தான் செய்யும். அதனால் மார்ச்சை ஜனவரியோடு ஒப்பிடக் கூடாது. 1941 மார்ச்சை 1940 மார்ச்சோடு ஒப்பிடுங்கள். மே மாதம் மரம் தேறிவிடும், எண் ஏற வேண்டும். அங்கே ஏறாமல் இருந்தால், அது பேச வேண்டிய விஷயம்.

இரண்டாவது, தோட்டத்தின் பெயர். பத்திரிகையில் இருப்பது கம்பெனிப் பதிவில் உள்ள ஆங்கிலப் பெயர். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. பழைய கங்காணியின் பெயராலோ, ஆற்றின் பெயராலோ, முன்பு அங்கே என்ன பயிர் இருந்தது என்பதை வைத்தோ ஒரு பெயர் இருக்கும். உங்கள் ஊர்ப் பெரியவர் சொல்லும் தோட்டமும் பத்திரிகையில் நீங்கள் பார்த்த தோட்டமும் ஒன்றுதான் என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அங்கே வேலை பார்த்த கிராணி குடும்பம் யாராவது இருந்தால் கேட்டால் போதும், ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

சைக்கிள் விஷயத்தைக் கண்டிப்பாக எழுதுங்கள். இன்றைய பிள்ளைகளுக்கு 50 காசு, 60 காசு என்றால் ஒன்றும் ஏறாது. செம்மண் சடக்கில் (சாலையில்) சைக்கிளில் வருகிறவன் எதிரே துரையின் கார் வந்தால் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் காலைப் பெயர் கூப்பிடும் பெரட்டில் பேச்சு விழும் என்று சொல்லுங்கள். வகுப்பே நிமிர்ந்து உட்காரும். சைக்கிள் வாங்கும் அளவுக்குக் காசு சேர்த்தவனைத்தான் அந்த வழக்கம் அதிகமாகச் சுட்டிருக்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

---

ஏடுபுரட்டி எழுதியது:

அம்மா சொன்னது அருமை. இலையுதிர் காலத்தைக் கணக்கில் எடுக்காமல் உற்பத்தி எண்களைத் தொடவே கூடாது.

அதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 1934 முதல் சர்வதேச ரப்பர் ஒழுங்குமுறைக் குழு என்று ஒன்று இருந்தது. ஒவ்வொரு நாடும் எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று விழுக்காடு போட்டுக் கொடுக்கும். மரம் எவ்வளவு பால் தந்தாலும் குழு சொன்ன அளவுக்கு மேல் போகக் கூடாது. போர் வந்து அமெரிக்கா வாங்கிக் குவிக்க ஆரம்பித்ததும் அந்த விழுக்காட்டை மேலே மேலே ஏற்றினார்கள். ஆகவே 1940-ஐ 1941-ஓடு ஒப்பிடும்போதும் சறுக்கல் உண்டு. எண் ஏறியிருந்தால் ஆட்கள் அதிகம் வேலை செய்தார்கள் என்று அர்த்தமில்லை, அளவு கூட்டப்பட்டது என்றும் இருக்கலாம். அந்த விழுக்காட்டு அறிவிப்புகளும் அதே வணிகப் பக்கத்தில் வரும், காலாண்டு வாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே கம்பெனியைப் பார்ப்பதை விட்டு, கிள்ளானில் நாலு தோட்டம், வேலைநிறுத்தம் எட்டாத ஜோகூரில் நாலு தோட்டம் என்று எடுத்துப் பாருங்கள். இலையும் ஒழுங்குமுறைக் குழுவும் இரண்டு ஊருக்கும் பொது. மிச்சம் நிற்கும் வித்தியாசம்தான் உங்களுடையது.

துறைமுகம் கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஓடிப்போனவர்களைப் பற்றித் தலைவர் பேச மாட்டார் என்கிறீர்கள், சரி. ஆனால் ஆள் பற்றாக்குறை பற்றிப் பேசாமல் இருக்க அவரால் முடியாது, ஏனென்றால் அது லாபத்தைத் தொடும். 1938-இல் இந்திய அரசு, உடலுழைப்புத் தொழிலாளர்களை உதவித்தொகை கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதற்குத் தடை போட்டது. மலாயாவில் கூலியைக் குறைத்ததை ஒட்டி வந்த தடை அது. அதற்கு அடுத்த ஆண்டுகளின் பேச்சுகளைத் தேடிப் படியுங்கள். புது ஆள் வராது, இருக்கிற ஆளைத்தான் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிலை. 1941-இல் தொழிலாளர்களுக்கு எங்கிருந்து அந்தத் தெம்பு வந்தது என்பதற்குப் பாதி விடை அதில் இருக்கிறது என்பது என் கருத்து.

---

வல்வைவாசகன் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சின்னக் குறிப்பு. மலாயாத் தோட்டங்களிலும் ரயில்வேயிலும் கிராணி வேலைக்கு எங்கட ஆட்கள் நிறையப் பேர் போனவை. அதனால் யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் மலாயாச் செய்திக்கு எப்பவும் இடம் இருந்தது. 1889-இல் சைவ பரிபாலன சபை தொடங்கிய இந்து சாதனம், 1930-இல் தொடங்கிய ஈழகேசரி இரண்டிலும் பல இதழ்கள் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் ஏற்றியிருக்கினம். தேடல் சரிவராது, ஆண்டைத் திறந்து இதழ் இதழாகப் பார்க்க வேணும்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறன். அங்கே நீங்கள் தேடுவது கூலியாளின் குரலாக இருக்காது, கிராணியின் குரலாகத்தான் இருக்கும். கிராணிக்கும் பால் வெட்டுபவருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்தது என்று லயத்துக்காரி ரீச்சருக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தத் தூரமும் பதிவாகியிருந்தால் நல்லதுதானே.

---

துறைமுகம் எழுதியது:

இதுவரை படித்ததில் எனக்குள்ள பெரிய மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன்.

நாதன் எங்கே வேலை பார்த்தார்? தமிழ் நேசனில். 1924-இல் கோலாலம்பூரில் தொடங்கிய பத்திரிகை. வேலைநிறுத்தத்தின் தலைவரே ஒரு தமிழ்ப் பத்திரிகையாளர். ஆனால் இந்த இழையில் நாம் இவ்வளவு நேரம் பேசியது எதைப் பற்றி? அவரைப் பிடித்து உள்ளே போட்டவர்கள் காலைச் சாப்பாட்டோடு படித்த பத்திரிகையைப் பற்றி. ஏன்? அது பெட்டியில் தட்டினால் வருகிறது. இது வருவதில்லை.

ஆய்வு மாணவர்கள் பத்துப் பேரை எடுத்தால் ஒன்பது பேருடைய அடிக்குறிப்பு முழுக்க ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ். அது எளிதாகக் கிடைக்கிறது என்பதால் முக்கியமானதாகிவிட்டது. 20 ஆண்டுக்கு முன்னால் படச்சுருளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவர்களுக்கு ஆங்கிலப் பத்திரிகையைப் பார்ப்பதும் தமிழ்ப் பத்திரிகையைப் பார்ப்பதும் ஒரே அளவு கஷ்டம்தான். இப்போது ஒன்று சுலபமாகி, இன்னொன்று அப்படியே நிற்கிறது. இடைவெளி குறையவில்லை, கூடியிருக்கிறது.

தமிழில் ஏறியிருப்பதும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு அதே சிங்கப்பூர்த் தளத்தில் கிடைக்கிறது, போருக்கு முந்தைய இதழ்களும் சேர்த்து. அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்னால், 1887 முதல் 1890 வரை மகுதூம் சாயபு நடத்திய சிங்கை நேசன் வார இதழும் இருக்கிறது. ஆனால் பழைய தமிழ் அச்சை இந்த இயந்திரம் படிக்கிற லட்சணம் உங்களுக்கே தெரியும். பக்கம் பக்கமாகப் புரட்டினால்தான் உண்டு. சிங்கை நேசனில் 1888-இல் வந்த ஓர் உரையாடல் வடிவக் கதையை எடுத்துக் காட்டி, சிங்கப்பூரின் முதல் தமிழ்ச் சிறுகதை இதுதான் என்று நா. கோவிந்தசாமி வாதிட்டாரே, எந்தத் தேடல் பெட்டியை வைத்துக் கண்டுபிடித்தார்? உட்கார்ந்து படித்தார்.

---

மைக்ரோஃபிலிம் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஒரு சின்னத் திருத்தம் மட்டும். ஏறியிருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் தாள் மிஞ்சியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. அதே மாதம் 20-ஆம் தேதி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இருந்த இடத்தில் ஜப்பானியரின் சியோனான் டைம்ஸ் வருகிறது. தமிழ் முரசு நின்றுபோனது. அந்த நாட்களில் வீட்டில் பழைய தமிழ்ப் பத்திரிகை வைத்திருப்பதே ஆபத்து என்று பயந்து எரித்தவர்கள், புதைத்தவர்கள் உண்டு. ஆங்கிலப் பத்திரிகையின் கட்டுகள் மலாயாவுக்கு வெளியே நூலகங்களில் இருந்தன, தப்பித்தன.

சொல்லப்போனால் அந்த சியோனான் இதழ்களும் அதே தளத்தில் இருக்கின்றன. பிப்ரவரி முதல் வாரத்து ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸையும் கடைசி வாரத்து சியோனான் டைம்ஸையும் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். அரசாங்கத்தின் குரலில் பேசுவது பத்திரிகைக்கு எப்படி வரும் என்பதை இதைவிடத் தெளிவாக எங்கேயும் பார்க்க முடியாது.

---

ஏடுபுரட்டி எழுதியது:

துறைமுகம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அடிக்குறிப்புச் சோம்பல் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் அதற்கு மருந்து ஆங்கிலப் பத்திரிகையை மூடி வைப்பதில்லை.

தமிழ்ப் பத்திரிகை கைக்குக் கிடைக்காத இடத்தில் சுற்றுவழி ஒன்று உண்டு. காலனி அரசாங்கம் தமிழ்ப் பத்திரிகைகளை விடாமல் படித்தது. சென்னை மாகாணத்தில் மொழிபெயர்ப்பாளர்களை வைத்து, சுதேசிப் பத்திரிகைகளில் என்ன வந்தது என்று ஆங்கிலத்தில் சுருக்கம் தயாரித்து ரகசிய அறிக்கையாகச் சுற்றுக்கு விட்டார்கள். எத்தனையோ பத்திரிகைகளின் மூலப் பிரதி இன்று இல்லை, அந்தச் சுருக்கம் மட்டும் இருக்கிறது. கண்காணிக்கப் பிறந்த காகிதம்தான், ஆனால் வேறு வழியில்லாத இடத்தில் அதுதான் கை கொடுக்கும். 1941-க்கு அது எவ்வளவு உதவும் என்பது வேறு விஷயம், முந்தைய பத்தாண்டுகளுக்கு அது ஒரு புதையல்.

1941-க்கு நேரடியாக வேண்டுமென்றால் கோலாலம்பூரில் இந்திய அரசின் ஏஜெண்ட் என்று ஒருவர் இருந்தார். தோட்டங்களுக்குப் போவார், புகார் கேட்பார், ஆண்டறிக்கை எழுதுவார். அவர் தில்லிக்கு எழுதியவை இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உண்டு. அவர்களுடைய அபிலேக் படல் இணையத்தளத்தில் கோப்புகளைத் தேடலாம், பலவற்றை அங்கேயே திறக்கவும் முடியும். லண்டனில் உள்ள காலனி அலுவலகக் கோப்புகள் இன்னொரு பக்கம். பத்திரிகை, தில்லி, லண்டன் மூன்றும் ஒரே நிகழ்ச்சியைச் சொல்லும், ஒன்றுபோலச் சொல்லாது. தில்லிக்குப் போன காகிதத்தில் தொழிலாளியின் பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், ஏனென்றால் தில்லிக்கு அன்றைக்குக் காங்கிரசுக்கும் பொதுமக்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பத்திரிகையை நான் பெரும்பாலும் தேதி பிடிக்கத்தான் பயன்படுத்துகிறேன். எந்த நாள், எந்தத் தோட்டம், எந்த அதிகாரி. இந்த மூன்றும் கையில் இருந்தால்தான் ஆவணக் காப்பகத்தில் சரியான கட்டைக் கேட்க முடியும். அந்த வேலைக்கு ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸை அடிக்க ஆளில்லை.

---

துறைமுகம் எழுதியது:

தேதி பிடிக்க என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. கருத்துப் பிடிக்கத்தான் வேண்டாம் என்கிறேன். ஆனால் நீங்கள் முதல் பதிவில் சொன்னது அதைவிடப் பெரிய கூற்று, அதில் நான் இன்னும் சமாதானமாகவில்லை.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் உள்ள டிரோவ் தளம் பற்றித் தனிமடலில் சிலர் கேட்டிருந்தார்கள். 1941 பிப்ரவரியிலிருந்து ஆஸ்திரேலியப் படை மலாயாவில் இருந்ததால் அங்கேயும் தேடுவது நல்லது. அந்தத் தளத்தில் இயந்திரம் தவறாகப் படித்ததை வாசகர்களே திருத்தலாம். அதற்குத் தனி இழை திறந்திருக்கிறேன், அங்கே தொடருங்கள். நாதன் நல்லவரா, வேலைநிறுத்தம் சரியா என்று நேற்று இரவு வந்த பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இந்த இழை சான்றுகள் பற்றியது.

---

பால்மரக்காடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கட்டுரைக்கு நான் எடுத்திருக்கும் முடிவுகளைச் சொல்கிறேன், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

மே 16-ஐ ஒட்டிய செய்திகளை எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் பத்திரிகையின் பெயர், தேதி, பக்க எண் மூன்றையும் வாக்கியத்திலேயே சொல்லி, இது அரசாங்கத்தின் அறிக்கை, இது நிருபர் எழுதியது, இது வாசகர் கடிதம் என்று பிரித்துக் காட்டுவேன். பிள்ளைகளுக்குப் புரியும்படி ஒரே நாளின் செய்தி இரண்டு பத்திரிகைகளில் எப்படி வந்தது என்று பக்கத்தில் பக்கம் வைத்து ஒரு கட்டம் போடுவேன். துறைமுகம் ஐயாவின் யோசனை அது.

கூலிப் பகுதிக்கு இரண்டே கம்பெனிகளின் ஆண்டுக் கூட்டப் பேச்சு, 1939 முதல் 1941 வரை. கிள்ளான்-ஜோகூர் உற்பத்தி ஒப்பீடு ஆசையாக இருக்கிறது, ஆனால் அது நாலு பக்கத்துக்கு மேலான வேலை. மலருக்குப் பிறகு தனியாகச் செய்யலாம் என்று இருக்கிறேன்.

லயத்துக்காரி ரீச்சருக்கு ஒரு கேள்வி. கிராணி வீடுகளில் பழைய செக்ரோல் (வருகை, கூலிப் பதிவேடு) புத்தகம் யாராவது வைத்திருப்பார்களா? ஆள் பெயர், நாள், கூலி மூன்றும் தமிழர் கையால் எழுதியது என்றால் அதைவிட நல்ல சான்று ஏது?

---

லயத்துக்காரி எழுதியது:

செக்ரோல் கம்பெனிச் சொத்து தம்பி, ஆபீசில்தான் இருக்கும். தோட்டம் கைமாறியபோதும், பிறகு செம்பனைக்கு மாற்றியபோதும் பெரும்பாலான இடங்களில் மூட்டை கட்டிக் கொளுத்திவிட்டார்கள். ஆனால் கிராணிகள் சொந்தமாக ஒரு பாக்கெட் நோட்டு வைத்திருப்பார்கள், யாருக்கு எவ்வளவு கடன், யார் எந்த வரிசை மரம் என்று. பால் ஸ்டோர் கிராணியின் நோட்டில் ஆள்வாரியாக ராத்தலும் இருக்கும். அதைக் கேளுங்கள். 'வரலாறு எழுதுகிறேன், ஆவணம் தாருங்கள்' என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. 'தாத்தா கையெழுத்து பார்க்கலாமா' என்று கேளுங்கள்.

படம் எடுக்கும்போது அட்டையிலிருந்து கடைசித் தாள் வரை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், வெற்றுப் பக்கம் உட்பட. நோட்டை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

---

ஏடுபுரட்டி எழுதியது:

அப்படி ஒரு நோட்டு கிடைத்தால் அந்தத் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை இங்கே போடுங்கள். அதே மாதத்துக்குக் கம்பெனி பத்திரிகையில் கொடுத்த ராத்தல் கணக்கை நான் எடுத்துத் தருகிறேன். துறைமுகம் கூட்டிப் பார்த்துச் சொல்லட்டும், என் பங்குதாரர் வாதம் நிற்கிறதா விழுகிறதா என்று.